கனிக்கு, உன்னைச் சொல்ல வைத்த பெயரைப் பற்றி

கனி,

முதலில் என் கண்ணில் பட்டது செருப்புகள்தான். அன்றைக்குச் சாப்பாடு போட வந்தவர்கள் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நம் இல்லத்துக்குப் பிறந்தநாள் என்றும் கல்யாண நாள் என்றும் திதி என்றும் யார் யாரோ வருவார்கள். பெரிய காரில் வருகிறவர்கள்கூட கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஹாலுக்குள் வருவார்கள். யாரும் சொன்னதில்லை, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் என்று அவர்களுக்கே தோன்றும். அன்றைக்கு வந்த ஆறு பேரும் செருப்போடு உள்ளே வந்து, நீங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவில், தட்டுகளுக்குப் பக்கத்திலேயே நடந்தார்கள். நான் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். இது சரியில்லை என்று தோன்றியது. தோன்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் அதிகம் செய்த வேலை அதுதான், கதவுக்குப் பின்னால் நிற்பது.

நாளைக் காலையில் உன்னை வேறு மாவட்டத்தில் இருக்கும் ஓர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்லவில்லையாம். உனக்கு இப்போது ஆறு வயது, இதைப் படிக்க முடியாது. அதனால் குழந்தைகள் நலக் குழுவில் இருக்கும் மேடத்திடம் கொடுக்கப் போகிறேன். உனக்குப் பதினெட்டு வயதாகும்போது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். “ஒட்டாம குடு, நாங்க படிச்சிட்டுத்தான் ஃபைல்ல வெக்கணும்” என்றார். படிக்கட்டும். அவர் படிக்கட்டும், பெரியம்மா படிக்கட்டும், செருப்போடு உள்ளே வந்தவர்கள் படிக்கட்டும், கல் எறிந்தவர்களும் படிக்கட்டும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்போது இல்லத்தில் சமையல் செய்துகொண்டிருந்த எங்கம்மாவின் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று கரண்டியைப் பிடித்தேன், அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை. அதனால் எழுத்தில் தப்பு இருக்கும். சொல்வதில் தப்பு இருக்காது.

நான் உன் அம்மா இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். நீ நான்கு வயதில் இங்கே வந்தாய். உன் அம்மா உன் கைக்குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டார். உன் அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வந்த முதல் வாரம் நான் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது நீ என்னை அம்மா என்று கூப்பிட்டாய். பக்கத்தில் பெரிய பிள்ளைகள் நின்று சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அக்கான்னு கூப்புடு” என்று உன் முதுகில் ஒன்று வைத்தேன். வலிக்கிற அடி இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் நீ ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. எவ்வளவு காய்ச்சலிலும் அக்கா என்றுதான் முனகினாய். பிறர் சிரிப்பார்களே என்று ஒரு குழந்தையின் வாயை அடைத்தவள் நான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை மட்டும் உன் அம்மாவாக இருந்து எழுதிக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அக்கா என்றே படித்துக்கொள்.

நம் இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய ஊரையும் தெருவையும் கேட்கக் கூடாது. இல்லத்தை நடத்துகிற பெரியம்மா போட்ட சட்டம் அது. சேர்க்கும்போது எழுதுகிற காகிதத்தில் இருப்பதைப் பெரியம்மாவும் அலுவலகமும் மட்டும் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குள் பேச்சில் ஊர்ப் பெயர் வந்தால் அன்றைக்குச் சொன்னவளுக்குச் சாயங்கால டீவி கிடையாது. ஊரைச் சொன்னால் அடுத்து தெருவைச் சொல்லுவார்கள், தெருவைச் சொன்னால் இன்னார் என்று தெரிந்துவிடும், அப்புறம் தட்டு தனியாகப் போகும், பாய் தனியாகப் போகும் என்பார் பெரியம்மா. வெளியே யாராவது பாராட்டினால் இதைத்தான் முதலில் பெருமையாகச் சொல்வார். சாப்பாடு போட வருகிறவர்களையும் ஊர் கேட்க மாட்டோம். பெயர் கேட்போம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்போம், அவ்வளவுதான். நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கேட்காமல் இருந்தால் வெளியில் இருப்பது உள்ளே வராது என்று நினைத்தோம் பார், அந்த நினைப்பின் மேல் கோபம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம், நடந்தவர்கள் பெரியவர்கள், விழுந்தது நீ.

உங்கள் ஊரில் இரண்டு தெருக்களுக்கு நடுவில் ஒரு கொடிக்கம்பத்தை எங்கே நடுவது என்று சண்டை. கம்பத்தை நடுவதற்கு முன்னால் ஓர் ஆளைக் கொன்றுவிட்டார்கள். கொலை வழக்கில் பிடித்துக்கொண்டு போனவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு ஷிப்டில் இருந்தேன் என்று அவர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் உன்னிடம் எழுத மாட்டேன். வழக்கு முடிந்திருக்கும் நீ இதைப் படிக்கும்போது, நீயே தெரிந்துகொள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, நீ பேசுவதையெல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்பார். போகும்போது கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் இல்லத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வராமல் போனதும் அப்பாவுக்கு வேலை அதிகம் என்று உனக்குச் சொன்னோம். அது பொய்தான். கொலைக் கேசு என்று மட்டும்தான் அப்போது எங்களுக்குத் தெரியும், செத்தது யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

செத்துப்போனவரின் பெயர் குமரேசன். அவருக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து அழ ஒரு மனைவி இருந்தார், அவரை நான் பார்க்கவில்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருடைய முப்பதாம் நாளுக்கு நம் இல்லத்தில் சாப்பாடு போட வேண்டும் என்று யாரோ போன் செய்தார்கள். பெரியம்மா வழக்கம்போல் ஊர் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி என்னிடம் கொடுத்து, “சின்னதுக்குச் சொல்லிக் குடுத்துடு” என்றார். சின்னது நீதான். சாப்பிடுவதற்கு முன்னால் இல்லத்திலேயே சின்னப் பிள்ளை எழுந்து நின்று, சாப்பாடு யார் பெயரில் என்று சொல்லி, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றோ, அவர் ஆத்மா சாந்தி அடைய வேண்டும் என்றோ சொல்லும். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, குமரேசன் என்பது வாயில் நிற்கவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே உன்னைச் சொல்லவைத்தேன். சரியாகச் சொன்னால் ஒரு துண்டு வெல்லம். வெல்லம் தீர்வதற்குள் நீ கணீரென்று சொல்லிவிட்டாய். எனக்கு ஒரே பெருமை. உன் அப்பா யாரைக் கொன்றதாகச் சொல்லி உள்ளே வைத்திருக்கிறார்களோ, அவருடைய பெயரை வெல்லம் கொடுத்து உனக்குப் பழக்கியவள் நான்தான் கனி. வேறு யாரும் இல்லை.

அவர்களுக்குத் தெரியும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ இங்கே இருக்கிறாய் என்று எப்படியோ தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். நாற்காலியில் மாலை போட்ட படத்தை வைத்தார்கள், நீ எழுந்து நின்றாய், சொன்னாய். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போனை உன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, “நல்லா சொல்லுதே பாப்பா. இன்னொரு தபா சொல்லும்மா, இங்க பாத்து” என்றார். நீ இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். வெல்லம் உண்டா என்று கேட்கிற சிரிப்பு அது. மறுநாள் அந்த வீடியோ எங்கம்மாவின் போனுக்கே வந்துவிட்டது. சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, கொன்றவனின் மகள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறாள் என்று மேலே எழுதியிருந்தார்கள். நீ அழவில்லை. நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்தவருக்குச் சாப்பாடு போட வந்தவர்கள் அன்றைக்கு அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசவில்லை. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, பாயசம் பரிமாறுவதற்கு முன்னால் போய்விட்டார்கள்.

அந்த வீடியோ வருவதற்கு முன்னால், அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததுமே, குமரேசன் யார் என்று எனக்குச் சொன்னது திவ்யா. உன் தலையணையில் பாதியை எடுத்துக்கொண்டு தூங்குவாளே, பத்து வயது திவ்யா, அவள்தான். நான் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “க்கா, அந்தப் படத்துல இருந்தவரு எங்க தெருக்கா. கனி அப்பாவ புடிச்சிக்கினு போனாங்கல்ல, அந்தக் கேசு இவருதுதான்” என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. அப்போதே ஏன்டி சொல்லவில்லை என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “ஊரு பேரு பேசக்கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க” என்றாள். நான் அவளை விட்டுவிட்டேன். பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவள் சட்டத்தை மதித்து வாயை மூடிக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் சாயங்காலம் படிப்பு நேரத்தில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் உன் அப்பாவின் தெருக்காரர்கள். எங்கள் வீட்டுப் பெண்ணை எதிரி படத்துக்கு முன்னால் நிறுத்தினீர்களா என்று கத்திக்கொண்டே, அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற ஹாலுக்குள்ளேயே கல்லை விட்டார்கள். அவர்களுடைய பாசம் அப்படி. தெருப்பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்க உங்கள் நோட்டுகளின் மேல் கொட்டியது. திவ்யா உன் மேல் குப்புறப் படுத்து உன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “ரெண்டு தெரு புள்ளைங்களையும் ஒண்ணா வெச்சா இப்படித்தாம்மா ஆவும்” என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போனார். ஒரே தலையணையில் தூங்கியவர்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன், கதவுக்குப் பின்னால்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படி ஓட்டினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் வந்து, “கண்ணாடி போட்டா திரும்ப ஒடப்பானுங்க, இத்த கட்டிக்கோம்மா” என்று, புடவையில் டிசைன் விழுவதற்காகத் தறிக்கு மேலே மாட்டுகிற ஓட்டை போட்ட அட்டைகளில் பழையதை ஒரு கட்டு கொடுத்தார். அதை ஜன்னல் முழுக்கக் கட்டினோம். காலை வெயில் வந்தால் தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். இருபத்தொரு பிள்ளைகளையும் தெருப்பக்கம் போகாமல் வைத்திருக்க வேண்டும், பயப்படவும் விடக்கூடாது. எனக்குக் கதை சொல்லத் தெரியாது, பாட்டும் வராது. ஒரு மூட்டை பூண்டை நடுவில் கொட்டி, யார் மேல் அதிகப் பொட்டு விழுகிறதோ அவர்கள் உரிக்க வேண்டாம் என்றேன். வெயில் நகர நகர நீங்கள் எல்லாரும் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்துகொண்டே ஹால் முழுக்கச் சுற்றினீர்கள். வெளியே பைக் சத்தம் கேட்டால் ஒரு நிமிஷம் எல்லாக் கையும் நிற்கும். அப்புறம் நீ, “க்கா, திவ்யா மூக்குல ரெண்டு பொட்டு, அத கணக்குல சேத்துக்கலாமா?” என்று கேட்பாய். திரும்பவும் சிரிப்பு. ஓர் இல்லத்தைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியாது. நின்ற கை திரும்ப ஓடும்படி பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அந்த நான்கு நாளும் இரண்டு தெருவிலிருந்தும் ஒருத்தர்கூட வந்து பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவில்லை.

நீ பெரியவளாகி எங்கே இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு யாராவது ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அது யாருடைய வார்த்தை, எதற்கு என்று முதலில் கேள். பசியாக இருந்தாலும் கேள். நன்றி கெட்டவள் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். உன் கஷ்டத்துக்காகக் கத்துகிறேன் என்று யாராவது வந்தால், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார். கல்லாகவும் இருக்கும், போனாகவும் இருக்கும். கூச்சம் பெண்ணுக்கு அழகு என்று உன்னிடமும் சொல்வார்கள். என்னிடம் நிறையப் பேர் சொன்னார்கள், எனக்கும் சௌகரியமாக இருந்தது, பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் இருந்துவிடலாம். செருப்பைக் கழற்றுங்கள் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யார் நீங்கள், எந்த ஊர் என்று அடுத்த வார்த்தையும் வந்திருக்குமோ என்று நினைக்காத நாள் இல்லை.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு உன் சித்தப்பா ஏழுமலை இரண்டு பேரோடு வந்தார். சத்தம் போடவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, பெரியம்மாவிடம் ஒரே ஒரு நிமிஷம் பாப்பாவை வெளியே அனுப்புங்கள் என்று கேட்டார். எங்க அப்பா கொலை செய்யவில்லை, எங்களை மிரட்டி அப்படிப் பேச வைத்தார்கள் என்று நீ சொல்ல வேண்டும், அதை அவர்கள் போனில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதன் பிறகு எந்தத் தொந்தரவும் இருக்காது. பெரியம்மா சமையலறைக்கு வந்தார். நான்கு நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். “அந்தப் பக்கம் ஒரு வீடியோ போச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு போனா சரியாயிடும்மா. மீதி இருபது புள்ளைங்க இருக்குது எனக்கு. தல வாரி கூட்டிக்கினு வா” என்றார். அவரையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் எப்போதும் ஓர் ஆளைத்தான் கொடுக்கிறார்கள், அதுவும் இருப்பதிலேயே சின்ன ஆளாகப் பார்த்து.

சீப்பை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். சீப்பைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று. ஓடிவந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். தலையைத் திருப்பாமலே கேட்டாய்.

“க்கா, இன்னிக்கு யாரு பேரு சொல்லணும்?”

கனி, அந்தக் கேள்விக்கு நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அடுத்து நான் செய்த காரியத்தால்தான் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னைத் திட்டினார்கள், என் முகத்தைப் போட்டு எழுதக் கூசும் வார்த்தைகளை எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் நலக் குழு வந்து விசாரித்தது, உன்னை இந்த ஊரிலேயே வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. உன்னை என்னிடமிருந்து பிரித்தது யார் என்று நீ ஒருநாள் கேட்டால், அதற்கும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

சீப்பைத் திவ்யாவிடம் கொடுத்து, உன்னைக் கூட்டிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போடச் சொன்னேன். ஹாலைத் தாண்டினேன். பெரியம்மா என்னைத் தனியாகப் பார்த்து என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாப்பா எங்கம்மா?” என்றார் உன் சித்தப்பா.

“வராதுண்ணா.”

“அவனுங்க எடுத்தப்ப நீ வாயத் தொறந்தியா?”

“தொறக்கல.”

“அப்ப இப்ப மட்டும் இன்னா வந்துச்சு உனக்கு? எங்க அண்ணன் உள்ள கெடக்குறான். அவன் பொண்ண கூப்புட எனக்கு உரிமை இல்லியா?”

உரிமை பற்றி எனக்குத் தெரியாது என்றேன். கனிக்கு அந்தப் பெயர் யாருடையது என்று இன்றுவரை தெரியாது, அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான், அழுததாகப் போட்டிருப்பது பொய், யாரும் மிரட்டவும் இல்லை, அவளைத் திரும்ப ஒரு பொய் சொல்லவைக்க நான் விட மாட்டேன் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாக ஒரு வெளி ஆளிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. “வீடியோ வேணும்னா என்னை எடுங்கண்ணா. நடந்தத நடந்த மாதிரி சொல்றேன். உங்க பக்கமும் பேச மாட்டேன், அவங்க பக்கமும் பேச மாட்டேன்.”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். “சமையக்காரி மூஞ்சிய எவன்டா பாப்பான்?” என்றார். உன் சித்தப்பா சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி, அட்டை கட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

நான் கம்பியை விட்டுவிட்டு, நிமிர்ந்து போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.